காப்பாட்சியரும் பத்மநாபபுரமும்



கலைப்பொருள்களைத் தேர்ந்து, பேணி, பொருள் விளங்கப் பிறர்க்குக் காட்டுவோரைக் காப்பாட்சியர் என்கிறோம். பட்டம் பெற்றபின் பயிலத்தக்க உயர்கல்வியாக இக்கலை 1952-ஆம் ஆண்டு பரோடாப் பல்கலைக்கழகத்தில் தனித்துறை கண்டது. பழம்பொருளைப் பாதுகாக்கப் பூட்டும் காவலாளியும் போதாவோ? பட்டம் எதற்கு? இவ்வினாவிற்கு விடை தருவது நம் மாவட்டத்துத் தக்கலைக்கு அணித்தேயுள்ள பத்மநாபபுரம் அரண்மனை.

ஏறத்தாழ 1601-இல் தோன்றிய இம்மாளிகையை 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மர் விரிவாக்கினார். அந்நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்திற்கு மாறியது. அரசு நீங்கிய மரமாளிகைக்கு மழையும் கறையானுமே பகை. 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது; அரண்மனையின் பராமரிப்போ கேரள அரசிடமே நின்றது. இன்றும் அம்மாநிலத் தொல்பொருள் துறையே அதனைப் பேணுகிறது. மண் ஒருவர்பால், பேணும் பொறுப்பு மற்றொருவர்பால். உரிமை வேறு, பேணுதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அங்குள்ள உப்பரிகை மாளிகையின் மேல்தளத்துச் சுவர்களில் தெய்வ உருவங்கள் தீட்டப்பட்டுள்ளன. அவை விளக்கொளியில் வழிபடுவதற்காக எழுந்தவை. கூட்டம் கூடிக் காண்பதற்காக அல்ல. இதனோடு 1935-இல் ஜேம்ஸ் கசின்ஸின் முயற்சியால் திருவனந்தபுரத்தில் திறக்கப்பெற்ற சித்ராலயத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பல இடத்து ஓவியங்கள் அங்கே ஒரு கூரையின்கீழ்க் கொண்டுவந்து தொங்கவிடப்பட்டன. அங்கு ஓவியம் நம்மை நாடி வருகிறது. இங்கு நாம் ஓவியத்தை நாடிச் செல்கிறோம். சட்டமிட்ட படத்தை வேறு சுவருக்கு மாற்றலாம். சுண்ணச் சாந்தின்மேல் தீட்டிய ஓவியத்தைச் சுவரினின்று பிரித்தால், எந்த அறைக்காக அது பிறந்ததோ அந்த அறையையே இழந்துவிடும்.

ஆதலின் மக்களை மேலே ஏறவிடலாமா என்ற வினா எழுகிறது. காலடி மரத்தளத்தைத் தேய்க்கும். மூச்சின் ஈரம் வண்ணத்தைக் கெடுக்கும். கதவை அடைத்தாலோ, நம் இளைஞர் தம் முன்னோரின் கலையை அறியாமலே வளர்வர். இரண்டும் இழப்பே. எத்துணைப் பேரை, எப்போது, எவ்விதம் அனுமதிப்பது என்று அளந்து முடிவு செய்வதற்கு வேதியியலும் வேண்டும், வரலாறும் வேண்டும், மக்கள்பால் பரிவும் வேண்டும். பட்டம் எதற்கு என்ற வினாவிற்கு இதுவே விடை.

உலக மரபுச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் இவ்வரண்மனை இடம் பெற்றது. புகழ் பெருகப் பெருகக் காண வருவோரும் பெருகுவர். காப்போரின் சுமையும் பெருகும். மருத்துவமும் பொறியியலும் நாடும் நம் மாவட்டத்து மாணவருள் சிலரேனும் இக்கல்வியையும் நாடுவராயின், அச்சுமையைத் தாங்க அண்டை வீட்டுத் தோள்களும் கிடைக்கும்.