புற்றுக்கட்டியும் நோயெதிர்ப்பு செல்களின் கூட்டு இயக்கமும்

புற்றுக்கட்டியை அடையாளம் கண்டு அழிக்கும் பணியில் பல வகை வெள்ளையணுக்கள் ஒன்றையொன்று சார்ந்து இயங்குகின்றன. எந்த ஒரு வகையும் தனித்து இதை முழுமையாகச் செய்வதில்லை. இந்த உண்மை தெளிவாக நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

1891-இல் நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, எரிசிபெலஸ் என்னும் தோல் தொற்று வந்துபோனபின் கழுத்துக் கட்டி மறைந்துவிட்ட ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்தார். அதன் துணிவில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவை நோயாளிகளின் கட்டியில் செலுத்தினார். பின்னர் கொல்லப்பட்ட பாக்டீரியாக் கலவைக்கு மாறினார். சிலருக்குக் கட்டி கரைந்தது. காரணம் சொல்ல அன்று அறிவியலுக்கு வழியில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை பரவியதும் அவரது முறை ஒதுக்கப்பட்டது. உடலே புற்றை அடக்கிவைக்கிறது என்ற கருத்தை 1909-இல் பால் எர்லிக் முன்வைத்தார். 1950-களில் லூயிஸ் தாமஸும் மக்ஃபார்லேன் பர்னெட்டும் அதை ‘நோயெதிர்ப்புக் கண்காணிப்பு’ என வளர்த்தெடுத்தனர்.

செல்கள் ஒன்றுக்கொன்று உதவுகின்றன என்பதற்கான சான்று புற்றுநோய் ஆய்விலிருந்து வரவில்லை. தைமஸ் சுரப்பியின் பணியை 1961-இல் கண்டறிந்த ஜாக் மில்லர், 1968-இல் மெல்பர்னில் கிரஹாம் மிட்செலுடன் மற்றொன்றையும் காட்டினார். எதிர்ப்பொருளை உருவாக்குபவை எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் செல்கள் (பி செல்கள்). ஆனால் தைமஸ் செல்களின் (டி செல்களின்) துணையின்றி அவற்றால் சரிவர இயங்க முடிவதில்லை. 1973-இல் ரால்ஃப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும் கிளைபரப்பிய வடிவுள்ள டென்ட்ரிடிக் செல்லை விவரித்தனர். 1975-இல் இயற்கைக் கொல்லி செல்கள் அறியப்பட்டன.

இடையில் ஒரு பெரும் பின்னடைவு. தைமஸ் இல்லாத எலிகளுக்குப் புற்றுண்டாக்கும் வேதிப்பொருளைக் கொடுத்தும் கட்டிகள் கூடுதலாக வரவில்லை என 1974-இல் ஒசியாஸ் ஸ்டுட்மன் அறிவித்தார். கண்காணிப்புக் கொள்கையைப் பலர் கைவிட்டனர். அந்த எலிகளிடம் இயற்கைக் கொல்லி செல்கள் இருந்தன என்பது அப்போது தெரியாது. லிம்ஃபோசைட்டுகள் முதிராத எலிகளுக்குக் கட்டிகள் அதிகம் வருவதை 2001-இல் ராபர்ட் ஷ்ரைபர், லாயிட் ஓல்ட் குழுவினர் நிறுவியபின்தான் கொள்கை மீண்டும் நிலைபெற்றது.

இன்று நாம் அறிந்துள்ள இயக்கம் இது. கட்டியில் செத்த செல்களின் துணுக்குகளை டென்ட்ரிடிக் செல் விழுங்குகிறது. அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குச் சென்று அவற்றைத் தன் மேற்பரப்பில் காட்டுகிறது. அதைக் கண்டதுமே கொல்லி டி செல் கிளம்பிவிடும் என்றுதான் எண்ணத் தோன்றும். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. உதவி டி செல் ஒன்று முதலில் அந்த டென்ட்ரிடிக் செல்லைத் தொட்டு, சிடி40 என்னும் ஏற்பியைத் தூண்ட வேண்டும். அந்த ‘அனுமதி’ கிடைத்தபிறகே கொல்லி செல்லை முழுவீச்சில் எழுப்பும் திறன் அதற்கு வருகிறது. உதவி செல்லும் கொல்லி செல்லும் ஒரே நேரத்தில் அங்கு கூடவேண்டிய தேவையும் இல்லை. 1998-இல் நேச்சர் இதழ் ஒன்றில் சேர்ந்து வெளிவந்த மூன்று ஆய்வுகள் இதை விளக்கின. இத்துறையின் திருப்புமுனை எது எனக் கேட்டால், அவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

பெருகிய கொல்லி செல்கள் கட்டிக்குள் நுழைந்து, பெர்ஃபோரினால் புற்றுச்செல்லின் சவ்வில் துளையிட்டு, கிரான்சைம் நொதிகளை உள்ளே செலுத்துகின்றன. அடையாளப் புரதங்களை மறைத்துக்கொண்டு டி செல்லின் கண்ணில் படாமல் தப்பும் புற்றுச்செல்லை இயற்கைக் கொல்லி செல் பிடிக்கிறது. 1980-களில் கிளாஸ் கார்ரே இதைக் காட்டினார். இச்செல்களே டென்ட்ரிடிக் செல்களைக் கட்டிக்கு வரவழைக்கின்றன என்பது 2018-இல் எலிகளில் தெரியவந்தது. பி செல்களும் டி செல்களும் கட்டிக்குள் திரண்டிருக்கும் நோயாளிகளுக்குச் சிகிச்சை நன்கு பலிப்பதை 2020-இன் ஆய்வுகள் பதிவுசெய்தன.

எல்லா செல்களும் நமக்குத் துணைநிற்பதில்லை. ஷிமோன் சகாகுச்சி 1995-இல் இனங்கண்ட ஒழுங்குபடுத்தும் டி செல்கள், உடல் தன்னையே தாக்காமல் காப்பவை. கட்டிக்குள் அவையே தடையாகின்றன. டி செல்லைக் கட்டுப்படுத்தும் சிடிஎல்ஏ-4 என்னும் தடையை நீக்கினால் எலிகளில் கட்டி கரைவதை ஜேம்ஸ் அலிசன் 1996-இல் காட்டினார். பிடி-1 என்னும் மற்றொரு தடையை ஆராய்ந்த தசுகு ஹோன்ஜோவும் அவரும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஸ்டைன்மனின் முடிவு மனத்தை வருத்துவது. கணையப் புற்றுக்கு ஆளான அவர், மற்ற சிகிச்சைகளோடு, தாம் கண்டறிந்த டென்ட்ரிடிக் செல்களால் ஆன தடுப்பூசியையும் ஏற்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். ஒருவரின் அனுபவம் நிரூபணம் ஆகாது. 2011 செப்டம்பர் 30 அன்று காலமானார். அதை அறியாமலேயே அக்டோபர் 3 அன்று நோபல் குழு அவர் பெயரை அறிவித்தது. பரிசு திரும்பப் பெறப்படவில்லை.

மரபணு மாற்றிய கார்-டி செல்கள் ரத்தப் புற்றில் நல்ல பலன் தருகின்றன. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் இணைந்து உருவாக்கிய இந்தியச் சிகிச்சைக்கு 2023-இல் அனுமதி கிடைத்தது. திடக்கட்டிகளில் இம்முறையின் வெற்றி இன்னும் குறைவே. நோயாளியின் கட்டிக்குள் இருந்த டி செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்கா மெலனோமாவுக்காக அனுமதி அளித்தது. அதில் கொல்லி டி செல்களும் உதவி டி செல்களும் கலந்தே இருக்கின்றன.