வண்டி யார் பெயரில்?

தமிழ்க் கதைகளில் தனியாக ஊர் சுற்றிய பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்யாணத்திலிருந்து தப்பிக்க, தன்னைக் கிழவியாக்கிவிடும்படி பிள்ளையாரிடம் ஔவை வேண்டிக்கொண்டதாகக் கதை. காரைக்காலம்மையார், கணவன் விலகிப்போன பிறகு தன் அழகுடலை உதறிப் பேயுரு பெற்றுக் கயிலைக்குப் போனதாகப் பெரியபுராணம் சொல்கிறது. ஊர் சுற்ற வேண்டுமென்றால் பெண் முதலில் தன் இளமையைக் கழற்றி வைக்க வேண்டும் என்பதே இரண்டு கதைகளும் போடும் நிபந்தனை. வயதான பிறகு அவளைத் தடுக்க ஆளில்லை என்ற எண்ணமும் அதற்குள் இருக்கிறது.

அந்த எண்ணம் உண்மைதானா? பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கும் கூட்டத்தைப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்கள் ஏராளம். மேல்மருவத்தூருக்குச் சிவப்புச் சேலையோடு வேன் வேனாகப் போகும் பெண்களையும் நாம் பார்த்திருக்கிறோம். சம்சாரி வீட்டுப் பெண்ணுக்குக் கேள்வி கேட்காமல் கிடைத்த பயணம் கோயில் பயணம்தான். ஆனால் அந்தப் பயணத்தில் அடுப்பும் கூடவே வந்தது. கூண்டு வண்டிக் காலத்தில் கட்டுச்சோறு கட்டியவள் அவள். வேன் வந்த பிறகு கேஸ் அடுப்பையும் குண்டானையும் பின்னால் ஏற்றி, புளியமர நிழலில் இறக்கி, முப்பது பேருக்குச் சமைத்தவளும் அவள். சக்கரத்தில் ஏறிய வீடு என்பதை மேல்நாட்டார் மோட்டார் ஹோம், கேரவன் என்கிறார்கள். நம் ஊரில் அது பெயரில்லாமலே ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங் ஆணிடமும் கரண்டி பெண்ணிடமும் இருந்தன.

ஸ்டீயரிங் கைமாறிய கதை சமீபத்தியது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். 1993இல் வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஓட்டுநரானார். 2017இல் ஓய்வுபெறும்வரை ஓட்டினார். 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இதற்கு எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. 58 வயதைக் கடந்த பெண்களுக்கு ரயிலில் இருந்த பாதிக் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பக்கத்து ஊருக்குப் போவது எளிதாயிற்று. தூரப் பயணத்தின் செலவு கூடிற்று.

இன்று ஓய்வு பெறும் பெண்ணின் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க 1989க்குப் போக வேண்டும். வடாற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது அந்த ஆண்டு செப்டம்பரில். ஆட்சியர் அலுவலகம் இப்போது இருப்பது வேங்கிக்காலில். அரசுப் பணியில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு வந்ததும் 1989இல்தான். அப்போது 25 வயதில் வேலையில் சேர்ந்த ஒருத்திக்கு 2024இல் 60 வயது. 2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்ததால் பழைய ஓய்வூதியமும் உண்டு. தன் பெயரில் மாதாமாதம் பென்ஷன் வாங்கும் பெண்கள் இப்படிப் பெருங்கூட்டமாக அலுவலகங்களிலிருந்து வெளியே வருவது நம் வரலாற்றில் புதிது.

அதே 1989இல் இன்னொன்றும் நடந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களுக்குப் பங்கில்லை. 2005இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. அதற்குள் பல வீடுகளில் பாகப்பிரிவினை முடிந்து பத்திரமும் பதிவாகிவிட்டது. இன்று அறுபதைத் தாண்டிய பெண்களில் பலர் இந்த இடைவெளியில் விழுந்தவர்கள். வேலைக்குப் போகாதவளுக்கு ஓய்வு வயது என்ற ஒன்றே கிடையாது. ஓய்வுக்கால வண்டியைப் பற்றிப் பேசும்போது இவர்கள் எல்லோரையும் மனதில் வைத்துத்தான் பேச வேண்டும்.

ஓய்வுக்கு ஒரு வண்டி என்ற ஆசையைப் பணக்கார விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. பேருந்தில் போகிற நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. மாதவிடாய் நின்ற பிறகு சிறுநீரை அடக்குவது இன்னும் சிரமம். கதவைச் சாத்திக்கொள்ள ஒரு கழிப்பறையும் காலை நீட்ட ஒரு படுக்கையும் கூடவே வந்தால், மூட்டுவலிக்காரியும் கன்னியாகுமரி போய் வரலாம். புதிய கேரவன் எட்டாத விலை. இருபது பேர் போகும் பழைய டீசல் வேனை வாங்கி உள்ளே மாற்றிக்கொள்வதுதான் பென்ஷன் பணத்துக்குக் கட்டுப்படியாகக்கூடிய வழி.

வாங்கும்போது கன்சல்டிங்காரர் சொல்வதை மட்டும் கேட்காமல் நாமே பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும். இஞ்சின் ஆறிக் கிடக்கும் காலையில் போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் இஞ்சின் ஆயில் எரிகிறது. கரும்புகை விடாமல் வந்தால் இன்ஜெக்டரிலோ காற்று போகும் வழியிலோ கோளாறு. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டிக்கு அடியில் குனிந்து சேஸில் துரு இருக்கிறதா பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ். 6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் ஓடிய வண்டியில் அது அடைத்துக்கொள்ளும்; நெடுந்தூரம் ஓடினால்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்.

பிறகு காகிதங்கள். டி போர்டு வேனைச் சொந்த வண்டியாக மாற்ற பர்மிட்டை ஒப்படைக்க வேண்டும். கடன் முடிந்திருந்தால் அது ஆர்.சி.யிலிருந்து நீக்கப்பட்டிருக்க வேண்டும். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்கு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போடுவதற்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் அனுமதி தேவை. கடைசியாக, ஆர்.சி.யில் யார் பெயர்? பணம் அவளுடையதாக இருந்தும் வண்டி மகன் பெயரிலோ கணவர் பெயரிலோ இருந்தால், அவள் மறுபடியும் பயணி இருக்கைக்குத்தான் போகிறாள்.

ஓட்டுநர் இருக்கைக்கும் சட்டம் தடையாக இல்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளைக் கார் ஓட்டும் உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அமர்வு உறுதி செய்தது. 55 வயதுக்கு மேல் உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றோடு புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே வாங்கும் முன் அவளே ஏறி உட்கார்ந்து, கிளட்ச் கால் எட்டுகிறதா, பவர் ஸ்டீயரிங் இருக்கிறதா, பின்பக்கம் கண்ணாடியில் தெரிகிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். 1888இல் ஜெர்மனியில் பெர்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு மோட்டார் வண்டியில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணம் பெண் ஓட்டியது.

வண்டி வந்த பிறகும் இரண்டு கேள்விகள் மிச்சமிருக்கின்றன. உள்ளே ஓர் அடுப்பு வைப்போம். அதை யார் பற்றவைப்பது என்று புறப்படுவதற்கு முன்பே பேசி முடிவு செய்யாவிட்டால், முப்பது வருடம் நின்ற அதே சமையலறை சக்கரம் வைத்துக்கொண்டு பின்னாலேயே வரும். கழிப்பறைத் தொட்டியை யார் கழுவுவது என்பது இரண்டாவது கேள்வி. வழியில் யாருக்காவது காசு கொடுத்து வெறுங்கையால் அள்ளச் செய்வது 2013 சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் குற்றம்தான். நம் விடுதலைக்காக இன்னொரு பெண்ணின் கையில் மலத்தைத் திணிக்க முடியாது. மூடித் தூக்கக்கூடிய சிறிய தொட்டியாகப் பார்த்து வாங்கி, கணவனும் மனைவியும் முறைவைத்துக் கழிவுநீர்த் தொட்டியுள்ள கழிப்பறையில் கொட்டிக் கழுவலாம்.

கிளம்ப வேண்டுமென்றால் ஔவைக்கு இளமையைக் கொடுக்க வேண்டியிருந்தது. இன்றைய பெண் முப்பத்தைந்து வருட உழைப்பைக் கொடுத்துவிட்டாள். அவள் கேட்பது ஒரு சாவியும், அவள் பெயர் எழுதிய ஆர்.சி.யும்.