நாற்சார் வீடும் அதன் சமூக அடித்தளமும்

கட்டடக்கலை பற்றிய நமது ஆய்வுகள் பெரும்பாலும் கோயிலையும் கோட்டையையுமே பொருளாகக் கொண்டுள்ளன. உழுதுண்போர் வாழ்ந்த மனையோ, ஒன்றில் பழம்பெருமையின் சின்னமாகப் போற்றப்படுகின்றது. அன்றேல் பயனற்றதெனக் கைவிடப்படுகின்றது. இவ்விரு மனப்பான்மைகளும் அம்மனையை உருவாக்கிய உழைப்பைக் காணத் தவறுகின்றன. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைச் சான்றாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

நடுமுற்றத்தைச் சூழ நாற்புறமும் தாழ்வாரங்களும் அறைகளும் அமைய, முற்றத்தின் வழியே ஒளியும் காற்றும் உட்புகுவது இவ்வீட்டின் அமைப்பாகும். அயலில் வெட்டிய சுண்ணக்கல், அதனைச் சுட்டுப் பெற்ற சுண்ணாம்பு, வைரித்த பனைமரம், பனையோலை ஆகியன அதன் மூலப்பொருள்களாயின. கூரையிலும் வேலியிலுமிருந்து கழித்த பழைய ஓலை வீணாகவில்லை. புகையிலைத் தோட்டத்திலே பசளையாகத் தாழ்க்கப்பட்டது. வற்றாத ஆறுகளற்று, கிணற்றுநீரை நம்பியிருந்த குடாநாட்டில் வீடும் தோட்டமும் ஒரே உற்பத்திச் சுழற்சியின் கூறுகளாயிருந்தன எனலாம்.

எனினும், இச்சுழற்சி தானாக இயங்கியதன்று. ஓலை வெட்டியவர் யார்? வேய்ந்தவர் யார்? ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமை, சொத்துரிமையோடு அடிமைகள் பற்றிய விதிகளையும் கொண்டிருந்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் குடிமைத் தொழில்முறை நிலைத்தது. வழிப்போக்கர் இளைப்பாற எழுப்பிய சங்கடப்படலையை விருந்தோம்பலின் அடையாளமென்பர். ஆயின், அப்படலையைக் கடந்து எவர் எதுவரை வரலாமென்பதைச் சாதியே வரையறுத்தது. கூரை வேய்ந்தவர் பலருக்கு அதன்கீழ்ச் சமமாக அமரும் உரிமை இருக்கவில்லை.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியபோது அதே சுண்ணக்கல் சந்தைப் பண்டமாயிற்று. உத்தியோக வருவாய் பெருகியது, குடிமைக் கட்டுகள் தளர்ந்தன, ஓலைக்கூரையும் அருகியது. இதனை வெறும் பண்பாட்டிழப்பாகக் கொள்ளல் பொருந்தாது; கட்டாய உழைப்பிலிருந்து மனிதர் விடுபட்டமையும் இதிலே அடங்கும். பின்னர், 1990இல் தொழிற்சாலையே போரினால் இயக்கமிழந்தது. அப்போரும் 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வும் பல மனைகளைப் பாழாக்கின.

எஞ்சியவற்றைப் பேணுவதென்பது தூணையும் திண்ணையையும் காட்சிப்பொருளாக்குவதன்று. அயற்பொருளைப் பயன்கொள்ளும் அறிவும், கழிவை மண்ணுக்கு மீட்கும் முறையும் பேணத்தக்கன. அவற்றைத் தாங்கிய அடக்குமுறை பேணத்தக்கதன்று. ஓலை வேய்வோரும் சுண்ணாம்புச் சாந்து குழைப்போரும் தக்க ஊதியமும் மதிப்பும் பெறும் தொழிலாளராதல் வேண்டும். அவ்வாறன்றி மேற்கொள்ளப்படும் பாதுகாப்பு, பழைய வீட்டோடு பழைய உறவையும் மீளக் கட்டுவதாகவே முடியும் என்பது நமது கருத்தாகும்.