நீந்தி மேலே வந்தவை

விந்துப் பரிசோதனை அறிக்கையில் ‘மொட்டிலிட்டி குறைவு’, அதாவது விந்தணுக்களின் நீந்தும் திறன் குறைவு, என்ற வரியைப் பார்த்த தம்பதியர் அடுத்துக் கேட்பது, அதை ஆய்வகத்திலேயே கூட்டிவிட முடியுமா என்பதைத்தான். ‘மலடி’ என்ற சொல்லைப் பெண்ணின் மேல் மட்டுமே வீசிப் பழகிய சமூகத்தில், குறை இந்தப் பக்கமும் இருக்கலாம் என்று சொல்லும் அந்த வரிக்கு மதிப்பு உண்டு. ஆகவே அதைச் சரியாகப் புரிந்துகொள்வது முக்கியம். இந்தத் துறையின் வரலாற்றைப் பார்த்தால், தளர்ந்த விந்தணுவுக்கு ஆய்வகம் புதிதாக வலுவூட்டியது மிக அரிது. நன்றாக நீந்துகிறவற்றை அது பிரித்தெடுத்தது. அவற்றின் நீச்சலைக் கெடுப்பவற்றை விலக்கியது. ‘வேகம் கூட்டுதல்’ என்று இதற்குப் பெயர் வைக்கும்போதுதான் நிறைவேறாத நம்பிக்கை பிறக்கிறது.

1677ல் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் ஆன்டனி வான் லேவன்ஹூக், விந்துத் துளியில் வாலை அசைத்து நெளிந்தவற்றைக் கண்டு, அவை சின்னஞ்சிறு உயிரினங்கள் என்றே லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். சுமார் நூறாண்டு கழித்து இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி தவளை விந்தைத் தாளில் வடிகட்டினார். கீழே இறங்கிய நீரால் முட்டைகள் கருவுறவில்லை. தாளில் தங்கியதை நீரில் கரைத்துச் சேர்த்தால் கருவுற்றன. விடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், நெளியும் அந்தப் ‘புழு’க்களுக்கு இதில் பங்கில்லை என்ற எண்ணத்தை அவர் விடவில்லை. ஆனாலும் நீரையும் அணுவையும் பிரித்து, ஆற்றல் எந்தப் பக்கம் தங்குகிறது என்று பார்த்த அவரது முறையில்தான் இன்றைய விந்து ஆய்வகத்தின் முதல் படி இருக்கிறது.

விந்துநீர் அணுவைச் சுமந்துவரும் வண்டி. ஆனால் போய்ச் சேர்ந்த பிறகும் அதிலிருந்து இறங்காவிட்டால் பயனில்லை. 1951ல் அமெரிக்காவில் எம். சி. சாங், ஆஸ்திரேலியாவில் ஆஸ்டின் இருவரும், பெண்ணுடலில் சில மணி நேரம் தங்கிப் பக்குவப்பட்ட அணுதான் முட்டையைத் துளைக்கும் என்று தனித்தனியே கண்டறிந்தனர். பக்குவப்பட்ட அணுவை மறுபடி விந்துநீரில் இட்டால் அந்தத் திறன் மறைவதையும் சாங் பிறகு காட்டினார். அப்படியானால் நீரைக் கழுவிவிட வேண்டும். சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி அடியில் படியவைப்பது எளிய வழிதான், ஆனால் அதிலும் ஓர் ஆபத்து இருந்தது. உயிர்வளியிலிருந்து பிறக்கும் பெராக்சைடு விந்தணுவை முடக்குகிறது என்று ஜான் மெக்லியோட் 1943லேயே எழுதியிருந்தார். பழுதான அணுக்களையும் வெள்ளணுக்களையும் நல்லவற்றோடு சேர்த்து நெருக்கிப் படியவைத்தால் அந்த நச்சு பெருகி நல்லவற்றையும் தாக்குகிறது என்பதை 1980களில் ஜான் எய்ட்கன் குழு காட்டியது. பிரித்த பிறகு அணுக்கள் சுறுசுறுப்பாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்: கெட்ட அண்டை வீடு போய்விட்டது. 1976ல் அலெக்ஸ் லோபாட்டா குழு விவரித்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. விந்தின் மேல் ஊட்டக் கரைசலை மெல்ல ஊற்றி, உடல் வெப்பத்தில் விட்டுவிட வேண்டும். நீந்தத் தெரிந்தவை தாமே மேலே ஏறி வரும். இன்னொரு முறையில் அடர்த்தி வேறுபட்ட சிலிக்கா அடுக்குகள் வழியே சுழற்றினால், முதிர்ந்து இறுகிய தலையுள்ளவை அடிக்கு இறங்கும். இதற்குப் பயன்பட்ட ‘பெர்கால்’ மருத்துவப் பயன்பாட்டிலிருந்து 1996ல் விலக்கப்பட, வேறு பூச்சுள்ள சிலிக்கா அந்த இடத்துக்கு வந்தது. இப்படிப் பிரித்தபின் நீந்துபவற்றின் விழுக்காடு எகிறும். ஆனால் ஒரே ஓர் அணுகூடப் புதிதாக நீந்தக் கற்றிருக்காது. வகுக்கும் எண்தான் குறைந்திருக்கும். இயற்கையும் இப்படித்தான் சலித்தெடுக்கிறது, எல்லா அணுவும் நீந்த வேண்டும் என்று அது கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, ஓராண்டுக்குள் துணைவி கருவுற்ற ஆண்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேரிடம் முன்னோக்கி நீந்திய அணுக்கள் 30 விழுக்காட்டை எட்டவில்லை.

மருந்தால் வேகம் கூடுவதை மறுக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது. காபியிலுள்ள காஃபீனும், கால் இரத்த ஓட்டக் குறைவுக்குத் தரும் பென்டாக்சிஃபைலினும், வாலடிப்பைத் தூண்டும் சைக்ளிக் ஏஎம்பி சிதையாமல் தடுக்கின்றன. அணுக்கள் துடிப்பதை நுண்ணோக்கியில் கண்கூடாகப் பார்க்கலாம். ஆனால் அது சவுக்கடி தரும் வேகம், நீடிப்பதில்லை. அதனால் குழந்தைப் பேறு உறுதியாகக் கூடியது என்றும் ஆய்வுகள் ஒருமித்துச் சொல்லவில்லை. வாலின் கட்டமைப்பே பிறவியில் பிசகியிருந்தால் தூண்டவும் ஏதுமில்லை. 1970களில் சுவீடனின் அஃப்செலியஸ், அசையாத விந்தணுக்களின் வாலில் டைனீன் என்ற புரதக் கைகள் இல்லாததை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். துடுப்பே இல்லாத படகை எந்த மருந்து ஓட்டும்?

ஒற்றை அணுவை முட்டைக்குள் நேரே செலுத்தும் இக்சி முறையை 1992ல் பிரஸ்ஸல்ஸ் குழு அறிவித்த பிறகு, நீச்சலுக்கே வேலையில்லை என்று வாதிடுவோரும் உண்டு. நீந்துவதை ஊசி முனையால் வாலில் அழுத்தி முடக்கிய பிறகே உள்ளே செலுத்துகிறார்கள் என்பதால் அந்த வாதம் வலுவாகவே தோன்றும். ஆனால் எதை முடக்கி எடுப்பது என்று தேர்ந்தெடுக்க அசைவுதான் அடையாளம், அது உயிரோடிருப்பதன் சாட்சி. ஒன்றுகூட அசையாத மாதிரியில் இன்று பென்டாக்சிஃபைலினுக்குக் கிடைத்திருப்பதும் இந்த வேலைதான்: ஓட வைக்க அல்ல, உயிருள்ளது எது என்று காட்ட. மருந்துக்கும் அசையாதபோது, ஜெயேந்திரனும் உடனாய்வாளர்களும் 1984ல் வெளியிட்ட சோதனை கைகொடுக்கிறது. சோடியம் சிட்ரேட்டும் ஃப்ரக்டோஸும் கலந்த நீர்த்த கரைசலில் அணுவை இடுவார்கள். சவ்வு பழுதாகாமல் உயிரோடிருந்தால் நீர் உள்ளே புகும், வால் உப்பிச் சுருளும். நீந்தத் தெரியாத அந்த ஒன்றை, சுருண்ட வாலைப் பார்த்து ஊசியில் எடுத்துக்கொள்வார்கள்.