உல்ட்டா மரை

அப்பாவின் பழைய ஹெர்குலிஸ் மிதிக்கும்போதெல்லாம் 'கடக் கடக்' என்றது. மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போய்வந்த வண்டி. உப்புக் காற்று உள்ளே எதை விட்டுவைத்திருக்கும்? வித்துடலாம்னு சொன்னவன் நான்தான். அப்பா பதிலே சொல்லவில்லை. அதனால் போன தீபாவளி லீவில் இடையஞ்சாவடி வீட்டு வாசலில் பிபி ஆக்சிலை மாற்ற உட்கார்ந்தேன்.

காட்டர் பின் வந்துவிட்டது, இடது கப்பும் வந்துவிட்டது. செயின் பக்கத்துக் கப் மட்டும் அசையவே இல்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன்.

"அது உல்ட்டா மரைடா. நீ இறுக்கிக்கிட்டு இருக்க" என்றார் அப்பா.

மிதிக்கிற சுமை சுற்றிச் சுற்றி அழுத்துவதால் கப் மெல்ல எதிர்த் திசையில் நகரப் பார்க்கும். வலப்பக்கம் சாதாரண மரை போட்டால் ஓட ஓடக் கழலும். இத்தாலிய வண்டிகளுக்கு அந்தக் கெட்ட பெயர் உண்டு. ஆங்கிலேய முறையில் அங்கே இடது மரை: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 புரி. உலகம் இன்றும் இதை பி.எஸ்.ஏ. மரை என்கிறது. 1861இல் பர்மிங்காமில் துப்பாக்கி செய்யத் தொடங்கி, பிறகு சைக்கிளுக்கு வந்த கம்பெனி அது. ராலே மட்டும் பிடிவாதமாக 26 புரி வைத்துக்கொண்டது. சென்னையில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. இரண்டு பெயரிலும் வண்டி செய்தது. பர்மிங்காம் பட்டறையின் கணக்கு அப்படித்தான் எங்கள் வாசல்வரை வந்தது.

திருப்பிச் சுற்றினேன், கழன்றது. பக்கத்துக்கு 11 பால்ரஸ் இருக்க வேண்டும். அப்பா உள்ளங்கையில் வாங்கி எண்ணினார். ஏழுதான் உருண்டையாக இருந்தன.