நுங்கம்பாக்கத்தில் தோன்றி மறைந்த கோள்

ஆடிப்பெருக்கு ராத்திரி ஒன்பதரை மணிவாக்கில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் நின்று அண்ணாந்து பார்த்தால், உச்சிக்குச் சற்றுத் தெற்கே மங்கலான ஒரு நட்சத்திரம் தெரியும். திருச்சி விளக்குகள் விட்டால்தான். பெயர் 70 ஒபியூக்கி. வெறுங்கண்ணுக்கு ஒன்று, தொலைநோக்கியில் இரண்டு. இரண்டுமே சூரியனைவிடச் சிறியவை. ஒன்றையொன்று சுற்றிவர 88 வருஷம் ஆகிறது. தூரம் சுமார் 17 ஒளியாண்டு.

1855இல் இந்த ஜோடிக்கு ஒரு கோள் இருக்கலாம் என்று எழுதியவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். லண்டனில் உட்கார்ந்து எழுதவில்லை. நம்ம நுங்கம்பாக்கத்தில், 1792இல் கம்பெனி கட்டிய மெட்ராஸ் வானாய்வகத்தின் தலைவராக இருந்துகொண்டு. கணக்கு சொன்ன இடத்தில் நட்சத்திரம் இல்லை. பிசகு ஏறி இறங்கி வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இழுக்கிறது என்றார். அதை அசட்டுத் துணிச்சல் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்பது வருஷம் முன்புதான், யுரேனஸின் தடுமாற்றத்தை வைத்தே நெப்டியூனைப் பிடித்திருந்தார்கள்.

ஆனால் அளவு? மலைக்கோட்டை உச்சியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ராஜகோபுரத்திலிருந்து பாருங்கள். அந்த நாணயம் காட்டும் கோணம் ஏறத்தாழ ஒரு விகலை. ஜேக்கப் நம்பிய பிசகு அதிலும் சிறு பின்னம். காற்று அலையும் மெட்ராஸ் வானில், கண்ணாலேயே அளந்தது!

1890களில் அமெரிக்கர் டி.ஜே.ஜே. சீ அதே நட்சத்திரத்துக்கு மறுபடி ஒரு துணையைச் சொன்னார். அப்படியொரு பாதை நிலைக்காது என்று 1899இல் மோல்டன் கணக்குப் போட்டுக் காட்ட, கதை முடிந்தது. சூரியனைப் போன்ற நட்சத்திரத்துக்கு உறுதியான முதல் கோள், 51 பெகாசியில், கிடைக்க 1995 வரை ஆயிற்று. மேயரும் கெலோவும் இடத்தை அளக்கவில்லை, ஒளியின் நிறமாலை அசைவை அளந்தார்கள். 2019இல் நோபல்.

'உலகின் முதல் புறக்கோள் சென்னையில்' என்று வாட்ஸப்பில் சுற்றவிட வாகான கதைதான் இது. தயவுசெய்து வேண்டாம். கண்டுபிடிப்பு என்று பெருமைப்பட வேண்டுமென்றால், அதே வானாய்வகத்தில் 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளிர் விண்மீனைக் கண்ட சிந்தாமணி ரகுநாதாச்சாரி இருக்கிறார். அவரைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

ஜேக்கப் பிறகு பதவியை விட்டார். மலைமேல் ஒரு வானாய்வகம் வைக்கும் திட்டத்தோடு 1862இல் புனே வந்து, வந்த கொஞ்ச நாளிலேயே இறந்துபோனார். 70 ஒபியூக்கிக்கு இன்றுவரை கோள் எதுவும் உறுதியாகவில்லை.