சங்கத்தில் சேரலைன்னாலும் காசு கட்டணுமா? அமெரிக்க போலீசுக்கு ஒரு சட்டம், நம்ம ஊர் காக்கிக்கு வேற சட்டம்!

அடுக்கம் மலைப்பாதையில் மண் சரிந்தாலோ, கொடைக்கானல் காடுகளில் தீ பிடித்தாலோ முதலில் போய் நிற்பவர்கள் போலீசாரும், வனத்துறையினரும், தீயணைப்பு வீரர்களும்தான். இவர்களுடைய சம்பளம், லீவு, பணி நேரம் பற்றிப் பேச யார் இருக்கிறார்கள்? பேசுவதற்கு ஒரு சங்கம் இருந்தால், அதில் சேராதவரும் பணம் தர வேண்டுமா? இந்தக் கேள்விக்கு நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது.

எதுக்கு இந்தக் கட்டணம்?

அமெரிக்காவின் பல மாநிலங்களில், பெரும்பான்மை ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் ஒரே சங்கம்தான் அரசிடம் பேசும். அது வாங்கித் தரும் சம்பள உயர்வு, உறுப்பினர் அல்லாதவருக்கும் கிடைக்கும். "பலன் எல்லோருக்கும், செலவு எங்களுக்கு மட்டுமா?" என்று சங்கங்கள் கேட்டன. அதற்காகத்தான் உறுப்பினர் அல்லாதவரிடம், முழுச் சந்தாவை விடக் குறைவாக ஒரு பங்குத் தொகை பிடிக்கப்பட்டது. 1977-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் சங்கத்தின் அரசியல் செலவுக்கு அந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்றது.

2018-ல் என்ன மாறியது?

இல்லினாய் மாநில அரசு ஊழியர் மார்க் ஜேனஸ் சங்கத்தில் சேரவில்லை. ஆனாலும் அவர் சம்பளத்தில் மாதம் 44.58 டாலர் பிடிக்கப்பட்டது. "நான் ஏற்காத கருத்துக்கு என் பணமா?" என்பது அவர் தரப்பு வாதம். 2018 ஜூன் 27-ல், 5-க்கு 4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அரசு ஊழியரின் தெளிவான சம்மதம் இல்லாமல் இனி ஒரு டாலர்கூடப் பிடிக்க முடியாது.

இதில் போலீஸ், தீயணைப்பு வீரர்களின் கதை தனி. மிச்சிகன் மாநிலம் 2012-லேயே கட்டாயக் கட்டணத்துக்குத் தடை போட்டது. ஆனால் போலீசுக்கும் தீயணைப்புத் துறைக்கும் மட்டும் விலக்கு கொடுத்தது. அதாவது, அவர்களிடம் கட்டணம் தொடர்ந்து வாங்கலாம். 2018 தீர்ப்பு வந்ததும் அந்த விலக்கும் செல்லாமல் போனது.

இந்தியாவில் என்ன நிலை?

இங்கே கட்டாயக் கட்டணம் என்ற பேச்சே இல்லை. சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்க ஊழியரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, பல சங்கங்கள் உள்ள நிறுவனத்தில் 51 சதவீத தொழிலாளர் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சுவார்த்தை நடத்தும். ஆனால் அந்தச் சட்டத்தில் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் போலீசாரும் சிறை ஊழியர்களும் வர மாட்டார்கள்.

அப்போ போலீஸ் சங்கம் வைக்கலாமா?

சங்கம் அமைப்பது அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு தரும் அடிப்படை உரிமை. ஆனால் போலீஸ், ராணுவம் போன்ற படைகளுக்கு அதைக் கட்டுப்படுத்த 33-வது பிரிவு இடம் தருகிறது. அதன் அடிப்படையில் வந்ததுதான் 1966-ம் ஆண்டின் காவல் படைகள் (உரிமைக் கட்டுப்பாடு) சட்டம். உரிய அனுமதி இல்லாமல் தொழிற்சங்கத்தில் சேரும் போலீஸ்காரருக்கு 2 ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். டெல்லி போலீஸ் ஊழியர்கள் தொடர்ந்த வழக்கில், 1986-ல் இந்தியாவின் உச்ச நீதிமன்றம் இந்தக் கட்டுப்பாடுகளை ஏற்றது. அனுமதி கிடைத்தால் வழி உண்டு என்பதற்கு, பக்கத்து மாநிலமான கேரளாவில் இயங்கும் காவலர் சங்கம் ஓர் உதாரணம்.

வனத்துறை ஊழியர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஸ்டிரைக் செய்வது வேறு விஷயம். 2003-ல் தமிழக அரசு ஊழியர் போராட்டத்தின்போது சுமார் 1.7 லட்சம் பேர் டிஸ்மிஸ் ஆனார்கள். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று அப்போது உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதனால் யாருக்கு என்ன பாதிப்பு?

தமிழகக் காவலர்களுக்கு வார விடுமுறை 2021-ல் அறிவிக்கப்பட்டது. ஒரு ஸ்டேஷனில் அது முறையாகக் கிடைக்கவில்லை என்றால், அங்கிருக்கும் காவலருக்காகக் கூட்டாகக் குரல் கொடுக்க ஒரு சங்கம் கிடையாது. மேலதிகாரியிடம் மனு கொடுக்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம். எதுவானாலும் தனி ஆளாகத்தான் போக வேண்டும்.

அமெரிக்காவில் சங்கத்துக்குக் காசு தர மறுக்கும் உரிமைக்காகச் சண்டை. சீசன் நேரத்தில் கொடைக்கானல் மலைப்பாதையில் டிராஃபிக்கைச் சரிசெய்யும் காவலருக்கோ, சேர்வதா வேண்டாமா என்று யோசிப்பதற்கே சங்கம் இல்லை.